ஒரு துளியும் சிந்தாமல்...

உழவு இயந்திரத்துக்கு ஹைட்ரோலிக் எண்ணெய் நிரப்புவது எப்படி என்று நான் ஒருநாள் கட்டுரை எழுதுவேன் என, என்னோடு பத்திரிகையில் இரவுக் கடமை பார்த்த நண்பர்கள் எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். நானும் எண்ணியதில்லை. போரையும் தேர்தலையும் வெள்ளத்தையும் எழுதிப் பழகிய கைக்கு இது மிகச் சிறிய விடயம். ஆனால் 2023 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில், என் தமக்கையாரின் வளவிலே, இந்தச் சிறிய விடயத்தில் நான் செய்த ஒரு பிழை, எழுதிய பல பெரிய விடயங்களைவிட அதிகமாக என்னை வருத்தியது. அதனால் எழுதுகிறேன். உழவு இயந்திரம் வைத்திருப்போருக்குச் செய்முறை பயன்படும். இல்லாதோருக்கு, என் பிழையாவது பயன்படட்டும்.

பெயரிலே தீவு இருந்தாலும் சாம்பல்தீவு தீவு அன்று. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி வீதியில் போனால், உப்புவெளியைத் தாண்டி வருகிற கரையோரக் கிராமம். கிழக்கே கடல், உள்ளே களப்பு, அந்தக் களப்பைக் கடக்க ஒரு பாலம். நடுவிலே மணல். வெறும் மணல் என்று வெளியூரார் நினைப்பார்கள். அந்த மணலிலே தோண்டினால் அதிக ஆழம் போகாமலே நன்னீர் ஊறும். கடலுக்கு இவ்வளவு அருகில் இனிப்பான தண்ணீரா என்று விருந்தாளிகள் வியப்பார்கள். மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரைவிட இலேசானது என்பதால் நமக்குக் கிடைத்த கொடை அது. நாம் குடிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் அந்த மெல்லிய படையைத்தான்.

அந்தக் கொடை எவ்வளவு மெல்லியது என்பதை 2004 மார்கழி 26 எமக்குக் கற்றுத் தந்தது. ஆழிப்பேரலை வந்து போனபின் கிழக்குக் கரையோரத்தில் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனத்தோடு பெரிய நீர்ப்பம்பிகளைக் கொண்டு கிணறுகளை இறைத்தார்கள். சில இடங்களில் இறைக்க இறைக்க உப்புக் கூடியது. மேலே இருந்த நன்னீரை வேகமாக எடுத்ததால் கீழே இருந்த உவர்நீர் மேலே ஏறியது. அவசரப்படாமல் மழைக்கு விடுங்கள் என்று பின்னர் அறிவுறுத்தினார்கள். அடுத்தடுத்த மாரிகள்தாம் கிணறுகளைக் கழுவின. உப்பை மழை கழுவும். எண்ணெயை மழை அப்படிக் கழுவாது. இந்த வேறுபாடு இக்கட்டுரைக்கு முக்கியம்.

அக்காவின் வளவிலே ஒன்றரை ஏக்கர் தோட்டம். வெங்காயம், மிளகாய், கொஞ்சம் நிலக்கடலை. அத்தான் இருந்த காலத்தில் வாங்கிய பழைய மாஸி பெர்கசன் 135 ஒன்று நிற்கிறது. எங்கள் பக்கத்தில் அதை எவரும் உழவு இயந்திரம் என்று சொல்வதில்லை. 'மெசின்' என்றால் அதுதான். பின்னால் பூட்டும் இழுவை வண்டி, 'பெட்டி'. அத்தான் காலமான பின்னர், ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்ட என் பொறுப்பில் மெசின் சேர்ந்தது. அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தத்திலே வாழ்நாளைக் கழித்தவனுக்கு ஒரு டீசல் எஞ்சின் என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேதான் பிழை தொடங்கியது.

இந்த மெசினின் முதுகெலும்பு அதன் ஹைட்ரோலிக் அமைப்பு. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைக்கும் குறையாமல் பரவும் என்று 17 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதை வயலுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பெர்கசன். அக்காலத்து உழவு இயந்திரங்கள் கலப்பையை ஒரு வண்டியைப்போல வெறுமனே பின்னால் இழுத்தன. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், முன்சில்லு மேலெழுந்து இயந்திரமே பின்புறமாகப் புரளும். ஓட்டுநர் அதன் கீழே நசுங்குவார். பெர்கசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் இயந்திரத்தோடு பிணைத்தார். மண்ணின் எதிர்ப்புக் கூடும்போது எண்ணெயின் அழுத்தம் தானாகவே கலப்பையைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கும்படி செய்தார். 1938 இல் அவரும் ஹென்றி போர்ட்டும் எழுத்தில் எதுவும் இல்லாமல் கைகுலுக்கி ஓர் உடன்பாடு செய்ததும், பின்னர் அது முறிந்து வழக்காகி, 1952 இல் 90 இலட்சம் டொலருக்கு மேல் பெர்கசனுக்குக் கிடைத்ததும் தனிக் கதை. 1953 இல் அவருடைய நிறுவனம் மாஸி ஹரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. எங்கள் வளவில் நிற்பது அந்த இணைப்பின் பிள்ளை.

இவ்வளவும் அந்த எண்ணெயின் தயவில் நடக்கிறது. இந்த வகை மெசினில் கியர்ப்பெட்டிக்கும் பின் அச்சுக்கும் தூக்கும் கைகளுக்கும் ஒரே எண்ணெய்தான். முப்பது லீற்றருக்குக் கிட்டப் பிடிக்கும். பம்பு அந்த எண்ணெய்க்குள் மூழ்கியே இருக்கிறது. பெட்டியைச் சரித்து மண் கொட்டுகிற 'ஜக்'கும் அதே எண்ணெயைத்தான் கடன் வாங்குகிறது. கடன் வாங்குகிறது என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மழைக்கு முன் தோட்டத்தைப் பண்படுத்த வேண்டிய நாள்கள். சில நாள்களாகக் கலப்பை எழும்ப மறுத்தது. எழும்பினாலும் நடுங்கி நடுங்கி எழும்பியது. எண்ணெய் குறைந்திருக்கும் என்று தீர்மானித்தேன். அன்று பின்னேரம் மாட்டெரு ஏற்றி வந்து கொட்டினோம். பெட்டியைக் கழுவி, தண்ணீர் வடியட்டும் என்று அதை உயர்த்தியபடியே விட்டு, எஞ்சினை நிறுத்தினேன். மெசின் நின்ற இடம் மாமரத்தின் கீழ். கிணற்றுப் பக்கமாகச் சற்றே சரிவு. கிணறு எட்டடி எடுத்து வைத்தால் வரும்.

அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். நான் நினைத்தபடியே எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே நின்றது. பார்த்தாயா, சொன்னேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். 2022 இன் நெருக்கடிக்குப் பிறகு எண்ணெய் விலை எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒரு துளி வீணாகக்கூடாது என்று மிகக் கவனமாக ஊற்றினேன். புனல் வைத்து, துணி சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஆறு லீற்றர். மேல் கோடு வந்தது. நிலத்தைப் பார்த்தேன், ஒரு துளி இல்லை. மூடியை இறுக்கிவிட்டுக் கை கழுவப் போனேன். அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதவேண்டும்.

விடியற்காலை அக்காவின் குரல் எழுப்பியது.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வா. மெசினுக்குக் கீழ கறுப்பா என்னவோ கிடக்கு."

போய்ப் பார்த்தேன். உயர்ந்து நின்ற பெட்டி இரவோடு இரவாகத் தானே இறங்கிப் படுத்திருந்தது. சரிவுப் பக்கத்துப் பின்சில்லின் உட்புறம் முழுவதும் எண்ணெய் வழிந்து, மணலில் ஒரு பாயளவுக்குப் பரவி, கிணற்றை நோக்கி ஒரு நாக்கை நீட்டியிருந்தது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார்.

நண்பர்களே, அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது சுன்னாகம். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்திருப்பது பெரும் போராட்டமாக வெடித்தது. மக்கள் போத்தல்களில் தங்கள் கிணற்று நீரை ஏந்திக்கொண்டு வீதியில் நின்றார்கள். நானும் அந்தக் கிணற்றடிகளுக்குப் போனேன். வாளியில் மொண்ட நீரின் மேல் வானவில் மிதந்ததைப் பார்த்தேன். நிலத்தில் எண்ணெயை விட யாருக்கு மனம் வந்தது என்று கோபமாக எழுதினேன். 2019 சித்திரையில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தபோது, ஓய்வு பெற்றிருந்தும் அந்தச் செய்தியை வெட்டி எடுத்து வைத்தேன். அப்படிப்பட்டவனின் கையால், அவன் அக்காவின் கிணற்றுக்கு எட்டடி தூரத்தில் எண்ணெய். யாரிடம் கோபப்படுவது?

முதலில் தண்ணீர் விட்டுக் கழுவத்தான் கை போனது. நல்லவேளையாக, அந்த நேரத்தில் வந்து சேர்ந்த மெக்கானிக் தம்பி தடுத்தார். "ஐயா, தண்ணி ஊத்தாதேங்கோ. சவுக்காரமும் வேண்டாம். ஊத்தினா எல்லாம் கீழ போயிடும்." அவர் சொன்னது முற்றிலும் சரி. எண்ணெய் மணலில் மெதுவாகவே இறங்கும். தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். சவர்க்காரம் அதைக் கரைத்து இன்னும் ஆழத்துக்கு அனுப்பும். ஒரு சாக்கு உமியைக் கொண்டுவந்து மேலே கொட்டினோம். உமி குடித்த எண்ணெயை அள்ளினோம். பிறகு மண்வெட்டியால் மணலைத் தோண்டினோம். நிறம் மாறிய மணல் முடிந்த பிறகும் ஒரு சாண் தோண்டினோம். பதினொரு உரப்பை மணல் வந்தது. மழை படாத இடத்தில், தடித்த தறப்பாள் விரித்து அதன்மேல் அடுக்கினோம்.

அதன் பிறகு அவர் மெசினைச் சுற்றி வந்து ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"ஐயா, ஒயில் அளக்கேக்க பெட்டி மேல நிண்டதா, கீழ நிண்டதா?"

"மேலே."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ஒயில் குறையேல்லை ஐயா. ஜக்குக்குள்ள இருந்தது."

விளங்கிவிட்டது. கடன் போயிருந்த எண்ணெயை இல்லாத எண்ணெய் என்று கணக்கிட்டு, அந்த இடத்தை நிரப்பிவிட்டேன். இரவில் பெட்டி தானாக இறங்க, கடன் வாங்கிய எண்ணெய் முழுவதும் வீடு திரும்பியது. வீட்டிலோ இடமில்லை. மட்டம் உயர்ந்து பின் அச்சுக்குள் ஏறியது. தேய்ந்துபோன ஓர் 'ஒயில் சீல்' சரிவுப் பக்கத்தில் இருந்தது. அதன் வழியே வெளியேறியது. கலப்பை நடுங்கியதற்கும் எண்ணெய்க் குறைவு காரணம் அன்று. பம்புக்கு முன்னால் இருக்கும் வடி அடைபட்டிருந்தது. அதைக் கழற்றிக் கழுவிப் பூட்டியதும் கலப்பை பழையபடி எழுந்தது. ஆக, நான் ஊற்றிய ஆறு லீற்றருக்கும் மெசினில் தேவையே இருக்கவில்லை. குறையில்லாத ஒன்றை ஒரு துளியும் சிந்தாமல் நிரப்பியிருக்கிறேன்!

செய்தித் தொழிலில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை ஒன்றும் இராது; வாக்கியங்கள் அழகாக இருக்கும்; தகவல் மட்டும் அடியிலே பிழைத்திருக்கும். ஒப்புநோக்குநரின் கண்ணுக்கு அது தப்பிவிடும். மறுநாள் காலையில்தான் கசிவு தெரியும்.

அந்தத் தம்பியிடம் அன்றும் அதன் பின்னரும் நான் கற்ற முறையை வரிசையாகச் சொல்கிறேன். அவர் சொன்னதில் பாதிக்கு மேல், எண்ணெய்க் கலனைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை.

மெசினை மட்டமான நிலத்தில் நிறுத்த வேண்டும். கிணற்றடியில், வாய்க்கால் ஓரத்தில் நிறுத்தக்கூடாது. கலப்பை, தூக்கும் கைகள், பெட்டி எல்லாவற்றையும் கீழே இறக்க வேண்டும். கடன் போன எண்ணெய் எல்லாம் வீடு திரும்பிய பிறகுதான் இருப்பைக் கணக்கெடுக்கலாம். எஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். வேலை செய்து சூடேறிய எண்ணெய் விரிந்திருக்கும். பற்சக்கரங்களில் ஒட்டிய எண்ணெய் வடிந்து இறங்கவும் நேரம் வேண்டும். அவசரமில்லையெனில் மறுநாள் காலைக் குளிரில் அளப்பது மேல்.

அளவுக் கம்பியை முதலில் இழுத்துத் துடைத்து, மறுபடி இட்டு, மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். அளவை மட்டுமன்றி நிறத்தையும் பார்க்க வேண்டும். பால் கலந்த தேநீர்போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எங்கள் மாரிகால ஈரத்தில் அது அடிக்கடி நடக்கும். அதன்மேல் புது எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. முழுவதையும் மாற்ற வேண்டும். நுரைத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. உண்மையிலே குறைந்திருந்தால், அந்த எண்ணெய் எங்கே போனது என்று கேட்க வேண்டும். ஹைட்ரோலிக் எண்ணெய் எரிந்து தீர்வதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடுவதற்கு விரலால் குழாய்களைத் தடவக்கூடாது. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே இழக்க நேரிடலாம். ஒரு காட்போட் அட்டையைப் பிடித்துப் பார்த்தால் போதும். உயர்ந்து நிற்கும் பெட்டியின் கீழ், மரக்கட்டை முண்டு கொடுக்காமல் எவரும் தலையை நீட்டவும் கூடாது. என் பெட்டி இரவில் எவருமில்லாதபோது இறங்கியது. பகலில் இறங்கியிருந்தால் வேறு கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

மெசினின் கையேடு சொல்கிற எண்ணெயைத்தான் வாங்க வேண்டும். இரண்டும் எண்ணெய்தானே என்று பிறேக் எண்ணெயை இதற்குள் விட்டால் ரப்பர்ச் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிறகு, மூடியைத் திறக்கும் முன் அதைச் சுற்றியுள்ள இடத்தைத் துடைக்க வேண்டும். சாம்பல்தீவிலே இது கட்டாயம். காற்று அள்ளி வந்த மணல் மெசின் முழுவதும் படிந்திருக்கும். எண்ணெய் சற்றுக் குறைந்தால் கலப்பை மெதுவாக எழும்பும், அவ்வளவுதான். மணல் உள்ளே விழுந்தால் பம்பையும் வால்வையும் அரைத்துவிடும்.

நிலத்தில் ஒரு பழைய தட்டத்தை வைத்து, அதில் உமியோ மரத்தூளோ பரப்ப வேண்டும். இருபது லீற்றர் கலனிலிருந்து நேரே ஊற்றக்கூடாது. சிறிய கலனில் மாற்றிக்கொள்ள வேண்டும். கலனைச் சரிக்கும்போது அதன் வாய் மேற்பக்கமாக இருக்க வேண்டும். வாய் கீழ்ப்பக்கமாக இருந்தால் உள்ளே காற்றுப் போக வழியின்றி 'குளுக் குளுக்' என்று துள்ளித் துள்ளி விழும்; சிந்துவது அந்தத் துள்ளலில்தான். வாய் மேலே இருந்தால் எண்ணெய் ஒரு பட்டு நாடாபோல வரும். புனலும் துவாரத்தை இறுக அடைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் காற்று வெளியேற இடம் வேண்டும். ஒரு சிறு குச்சியை இடையில் செருகினால் போதும்.

தேவை என்று நினைப்பதில் பாதியை ஊற்றி நிறுத்த வேண்டும். தடித்த எண்ணெய் அடியில் சேரச் சில நிமிடங்கள் எடுக்கும். அளந்து, மறுபடி கொஞ்சம். இரு கோடுகளுக்கும் இடையில் வந்தால் போதும். பிறகு எஞ்சினை இயக்கி, கைகளை நாலைந்து முறை உயர்த்தி இறக்கி, நிறுத்தி, இறக்கிய நிலையில் மறுபடி அளக்க வேண்டும். மேலதிகமாக ஊற்றுவதும் குறைவாக ஊற்றுவதும் ஒரே அளவு குற்றம் என்றார் தம்பி.

புனல் வைக்க முடியாத குறுகிய இடங்களில் அவர் ஒரு வித்தை காட்டினார். நீண்ட ஸ்குரூ டிரைவரைத் துவாரத்தில் சாய்த்து வைத்து, அதன் தண்டின்மேல் மெதுவாக எண்ணெயை விட்டார். எண்ணெய் தண்டைப் பற்றிக்கொண்டு, விலகாமல் உள்ளே இறங்கியது. எங்கேயோ கண்ட காட்சியாயிற்றே என்று யோசித்தேன். அன்று மாலை, அக்கா சுவாமி விளக்குக்கு எண்ணெய் விட்டபோது விடை கிடைத்தது. பெரிய போத்தலிலிருந்து சின்ன விளக்குக்கு ஓர் ஈர்க்கைச் சாய்த்து, அதன் வழியாக நல்லெண்ணெயை நூல்போல இறக்குவார். அம்மாவும் அப்படித்தான் செய்தார். அறுபது ஆண்டுகளாகப் பார்த்த ஒன்று. பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை.

"எப்ப நிப்பாட்டுறது எண்டு எப்படி அக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

"திரி குடிக்கிறதைப் பார்த்து விடவேணும் தம்பி. நாங்கள் விட நினைக்கிறதை விடக்கூடாது" என்றார். எண்ணெய் சிந்திய நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் நீண்ட வாக்கியம் அது.

எங்கள் மாவட்டத்துக்கு எண்ணெய் புதிதன்று. சீனக்குடாவில் பிரித்தானியர் இரண்டாம் உலகப்போருக்கு முன் கட்டியெழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் பன்னிரண்டாயிரம் தொன் வரை கொள்ளும். 1942 சித்திரை 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது, அவற்றுள் ஒரு விமானம் தாங்கி ஒன்றின்மேல் மோதி அது எரிந்த கதையைச் சிறுவயதில் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டோம். அந்தத் தாங்கிகள் யாருக்கு என்று வல்லரசுகள் பேசுவதைப் பல ஆண்டுகள் செய்தியாக எழுதினேன். 2022 தையில் கையெழுத்தான உடன்படிக்கை வரை அந்தப் பேச்சு நீண்டது. அந்தக் கணக்கில் என் இரண்டு மூன்று லீற்றர் ஒன்றுமில்லை. ஆனால் அக்காவின் கிணற்றுக்கு அந்தத் தாங்கிகளால் வரும் ஆபத்தைவிட, மாமரத்தடியில் நிற்கும் மெசினால் வரும் ஆபத்து அதிகம். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மெசின், எத்தனை நீரிறைக்கும் இயந்திரம், எத்தனை மோட்டார் சைக்கிள் திருத்துமிடம்! மாற்றிய பழைய எண்ணெயை வேலிக் கட்டைக்குக் கறையானுக்கென்று பூசுகிறோம். மிச்சத்தை வேலியோரம் ஊற்றுகிறோம். நம் எல்லோருடைய 'கொஞ்சம்'தான் நிலத்துக்குள் சேர்கிறது. பழைய எண்ணெயை மூடிய கலனில் சேர்த்து, எடுப்பவர்களிடம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் பதினொரு பைகளும் அப்படித்தான், நகரில் கழிவெண்ணெய் சேகரிப்போர் வழியாகப் போய்ச் சேர்ந்தன. அதற்கு நான் கொடுத்த பணம் ஊற்றிய எண்ணெயின் விலையைவிட அதிகம்.

ஐப்பசி மழை தொடங்கியது. ஒவ்வொரு காலையும் நான் முதலில் செய்த வேலை, கண்ணாடிக் குவளையில் கிணற்று நீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. கார்த்திகையில் ஒருநாள், மணல் தோண்டிய குழியில் தேங்கிய நீரின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். நெஞ்சு நின்றுவிட்டது. விஞ்ஞானம் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் கிழித்தார். அது கண்ணாடிபோலத் துண்டு துண்டாக உடைந்து, மீண்டும் ஒட்டாமல் நின்றது. "இது எண்ணெய் இல்லை. இரும்புச் சத்தில் வாழும் நுண்ணுயிர் செய்கிற வேலை. எண்ணெய் என்றால் கிழித்த இடம் உடனே கூடிவிடும்" என்றார். தேங்கிய நீரில் நிறம் கண்டு பயப்படுவோர் நினைவில் வைக்க வேண்டிய சோதனை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாததைக் குச்சி சொல்லாது என்பதால், கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். எண்ணெய் காணப்படவில்லை என்று பதில் வந்தது.

அந்தத் தாளை அக்காவிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு, மடித்து, சுவாமி அறையில் வைத்தார். அவ்வளவுதான். அப்போதுதான் நான் கவனித்தேன்: எண்ணெய் சிந்திய நாள் முதல் எங்கள் வீட்டுத் தேநீர் குழாய்நீரில்தான் போடப்பட்டிருக்கிறது. அந்தக் கிணற்று நீரன்றி வேறு நீரில் தேநீர் வைத்தால் முகம் சுளிப்பவர் அவர். எனக்கு ஒரு சொல் சொல்லாமல் மாற்றியிருக்கிறார். பத்திரிகையில் ஆசிரியரிடம் வாங்கிய ஏச்சுகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த மௌனத்துக்கு ஈடாகாது.

தைப்பொங்கல் வந்தது. விடிவதற்கு முன் கப்பிச் சத்தம் கேட்டு எழுந்தேன். அக்கா கிணற்றடியில் நின்று புதுப்பானைக்கு நீர் மொண்டுகொண்டிருந்தார். ஒரு கையளவு நீரை முதலில் தாமே குடித்துப் பார்த்தார். சற்று நேரம் நின்றார். பிறகு பானையை நிரப்பினார், கழுத்துவரை மட்டும்.

"நிண்டு பார்க்காமல் அடுப்பை மூட்டு தம்பி. பொங்கி வழிய இடம் விட்டிருக்கிறன்" என்றார்.

மெசின் இப்போது கிணற்றுக்கு நாற்பது அடிக்கு அப்பால், சீமெந்துத் தரையிட்ட கொட்டிலில் நிற்கிறது. எண்ணெய் அளக்கும் முன் பெட்டி இறங்கியிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை குனிந்து பார்க்கிறேன். குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கமும் விடவில்லை.